எழுவாய்

எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம்,
எண்பத்தேழாம் பக்கம்.
சொற்களை இடத்துக்குள் அடைப்பது என் வேலை.
அவை என்ன சொல்கின்றன என்பது
மாடியில் இருப்பவர்கள் வேலை.

புக்கரெஸ்டில் பிப்ரவரி. ஹீட்டர் பழுது.
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
ஐந்நூறு ஆண்டுகளைத் திரையில் திறக்கிறேன்:
பதினான்கு வரி.
"பதினொன்றாக்கு, கரோஃபிட்சா" என்கிறார் வாலெரியு.
"அடுத்த பக்கம் ரயில்பாதை.
அதை நகர்த்த முடியாது."

ஐந்நூறு ஆண்டு அடிமைத்தனத்தில்
மூன்று வரி அதிகமாம்.

அவருக்குத் தெரியாது.
பதினாறு ஆண்டாய் ஒரே கெட்டிலில் தேநீர்,
தெரியாது.
என் நிறத்தைக் கருங்கடல் வெயில் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
பிறந்த வீட்டுப் பெயரைக் கல்யாணத்தில் தொலைத்தேன்,
வேண்டுமென்றே.
வீட்டிலும் அந்த மொழி பேசுவதில்லை,
கையைச் சுட்டுக்கொண்டால் ஒழிய.

நான் எட்டாவது படித்தபோது
இந்தப் பக்கமே கிடையாது.
இளவரசர்கள் இருந்தார்கள், மடங்கள் இருந்தன,
மடத்துச் சுவரோவியத்தின் நீலம் பற்றி
ஐந்து மதிப்பெண் கேள்வி இருந்தது.
அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்தது யார்
என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான். நீலத்தைப் பற்றி எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.

முதலில் இளவரசரைச் சுருக்கினேன்.
கால் பக்கம் அடைத்து உட்கார்ந்திருந்தார்,
நரித்தோல் தொப்பியோடு.
பன்னிரண்டு சதவீதம்.
தொப்பி ஒடுங்கி
இரண்டு வரிக்கு இடம் விட்டது.

இன்னும் ஒன்று.
எட்டாம் வரியில் தொடங்கி ஒன்பதில் வழிந்தது
ஒரு வாக்கியம்:
'அக்காலச் சமூக அமைப்பின் காரணமாக
ரோமா மக்கள் குடும்பம் குடும்பமாக
விற்பனை செய்யப்பட்டு வந்த நிலை காணப்பட்டது.'

நிலை காணப்பட்டது.
எழுவாய் எங்கே என்று தேடினேன்.
'நிலை'தான் எழுவாய்.
கையும் காலும் இல்லாத ஒரு நிலை
சந்தைக்கு நடந்து போய்
தாயைத் தனியே, பிள்ளையைத் தனியே விற்றுவிட்டு
கைகழுவித் திரும்பியிருக்கிறது.
விற்றவர்கள் மட்டும்
வாக்கியத்தை விட்டே எழுந்து போயிருந்தார்கள்.

சொல்லை மாற்ற எனக்கு அதிகாரமில்லை.
நீளத்தைப் பற்றிப் பேசலாம்.
"செயப்பாட்டுவினை இடத்தைத் தின்கிறது" என்றேன்,
கணக்குப்பிள்ளையின் குரலை வரவழைத்துக்கொண்டு.
"செய்வினையில் போட்டால் ஒரே வரி:
'இளவரசர்களும் மடாதிபதிகளும் பிரபுக்களும்
ரோமா குடும்பங்களை விற்றார்கள்.'"

வாலெரியு அளவுகோல் வைத்துப் பார்த்தார்.
பதின்மூன்று வரி. அவர் எண்ணவில்லை.
"பொருந்துகிறதா?"
"பொருந்துகிறது."
"அனுப்பு."

அக்டோபர். அடுப்பில் மாமலிகா.
கிளறியபடி, எதுவும் இல்லாததுபோல்,
எண்பத்தேழாம் பக்கம் நடத்தினார்களா என்றேன்.
"அதுவா? பரீட்சைக்கு வராதாம்.
டீச்சர் புரட்டச் சொல்லிட்டாங்க" என்றான் ஒவிடியு.
"அந்த ராஜாவுக்கு என் பெஞ்சுக்காரன் மீசை வரைஞ்சான்மா.
படம் ரொம்பக் குட்டி,
மீசைக்கு இடமே பத்தல."

சிரித்துவிட்டேன்.
சிரித்த கை பாத்திரத்தில் பட்டது.
வாயிலிருந்து குதித்த சொல்
ருமேனிய மொழியில் இல்லை.

பதின்மூன்று ஆண்டாய்
அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறான்.
இன்றுதான் கேட்டான்:
"அது என்ன பாஷை?"

குழாயைத் திறந்து கையை நீட்டினேன்.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
மற்றக் கையால்
நாற்காலியில் கிடந்த பையைக் காட்டினேன்.

"எடு.
எட்டாம் வரி."